மகனைக் கேட்டு வழக்குப் போட எந்த வக்கீலைப் பார்ப்பது?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. மாதம் 45,000 ரூபாய் சம்பளம். குடித்துவிட்டு அடிப்பதைப் பொறுக்க முடியாமல், போன தீபாவளி கழிந்ததும் 9 வயது மகனையும் 4 வயது மகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பீடி சுற்றித்தான் வீட்டுச் செலவு நடக்கிறது. மகனை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தார். பங்குனி உத்திரத்துக்கு, "சாஸ்தா கோயிலுக்குப் பேரனைக் கூட்டிட்டுப் போய்ட்டு ரெண்டு நாள்ல கொண்டாந்து விடுறோம்" என்று மாமனாரும் மாமியாரும் வந்து அழைத்துப் போனார்கள். மகன் திரும்பி வரவில்லை. ஜூன் மாதம் சங்கரன்கோவில் பக்கம் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே அவனைச் சேர்த்துவிட்டார்கள். கணவர் இப்போதும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகிறார். போன வாரம் அவர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து, மகன் அப்பாவுக்கு, மகள் அம்மாவுக்கு, ஜீவனாம்சம் கிடையாது. ஊர்ப் பெரியவர்களும் இதையே முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

அவர் கேட்பவை இவை. "சம்பாத்தியம் இல்லாத எனக்குக் கோர்ட்டில் பிள்ளையைத் தருவார்களா? ஆண் பிள்ளை அப்பாவுக்குத்தானாமே? போலீஸில் சொன்னால் பையனை மீட்டுத் தருவார்களா, இல்லை நானே பள்ளிக்கூட வாசலில் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா? சித்தப்பா கூட்டி வந்த ஒருவர், 2 லட்சம் கொடுத்தால் பையன் நிச்சயம் என்கிறார். மச்சினர் பெயரையும் புகாரில் சேர்க்கச் சொல்கிறார். அண்ணன் மதுரையில் பெரிய வக்கீலைப் பார்க்கலாம் என்கிறான். கணவர் வீட்டார், ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும் என்கிறார்கள். யாரைப் பார்ப்பது?"

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும், "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை ஊர்க்கூட்டத்துத் தாள் முடிவு செய்துவிட முடியாது, பிள்ளையின் நலனைப் பார்த்து நீதிமன்றம்தான் முடிவு செய்யும். பிள்ளைகளுக்கு அப்பா தர வேண்டிய ஜீவனாம்சத்தை நீங்கள் எழுதிக் கொடுத்து இல்லாமல் ஆக்கவும் முடியாது, அது பிள்ளைகளின் உரிமை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், "அவரே சம்மதித்தார்" என்று எதிர்த்தரப்பு ஒவ்வொரு வாய்தாவிலும் அந்தத் தாளை நீட்டும். அந்தத் தலைவலி வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது வேறொரு விஷயம். மகன் போய் நான்கு மாதமாகிறது, பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. நீங்கள் இன்னும் பணத்தைப் பற்றியும் வக்கீலின் பெயரைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தை வழக்கில் காலம் கடந்துபோவதுதான் பெரிய ஆபத்து. ஒரு பிள்ளை ஓரிடத்தில் பழகி, அங்கே படித்து, நண்பர்களோடு சேர்ந்துவிட்டால், அதைக் கலைக்க நீதிபதிகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் தப்பும் இல்லை, அவர்கள் பார்ப்பது பிள்ளையின் மனதை. அதனால் எந்த வக்கீல் என்ற கேள்விக்கு இந்த மாதத்துக்குள் விடை வந்தாக வேண்டும்.

சம்பாத்தியம், ஆண் பிள்ளை, விவாகரத்து

பீடி சுற்றுகிற அம்மாவுக்குப் பிள்ளையைத் தர மாட்டார்கள் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 13ஆம் பிரிவில் பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், பிள்ளையின் வயது, ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, காப்பாளரின் குணம் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. வருமானம் குறைவு என்றால் அதை ஈடுகட்டத்தான் அப்பாவிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தருகிறார்கள். உங்கள் பீடிக் கம்பெனி பாஸ் புத்தகமும் பி.எஃப். விவரமும் நீங்கள் உழைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆண் பிள்ளை அப்பாவுக்கு என்பது ஊர்ப்பேச்சு. இயற்கைக் காப்பாளர்களில், அதாவது கோர்ட் நியமிக்காமலே பிள்ளைக்குக் காப்பாளராக இருப்பவர்களில், அப்பாவைச் சட்டம் முதலில் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தான் என்பதை கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. காப்பாளர் யார் என்பது ஒன்று, பிள்ளை யாரோடு இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று அதே 1956 சட்டம் சொல்வதால் மகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை குறைவு. அதற்காக 5 முடிந்த மறுநாளே அவள் அப்பாவிடம் போய்விட வேண்டும் என்று அர்த்தமில்லை.

உங்கள் வழக்கின் உயிர்நாடி எங்கே இருக்கிறது தெரியுமா? நோட்டீஸில் "தந்தையின் பராமரிப்பில் மகன்" என்று இருக்கிறது. ஆனால் அப்பா இருப்பது கோயம்புத்தூரில், மகன் இருப்பது சங்கரன்கோவில் பக்கம். அவனை வளர்ப்பது தாத்தாவும் ஆச்சியும். அவர்கள் பாசம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றத்தின் முன் நிற்கப்போகும் கேள்வி, கூடவே இருந்து வளர்க்கத் தயாராக இருக்கும் தாயிடமா, மாதம் ஒருமுறை வரும் தந்தையின் பெயரில் தாத்தா ஆச்சியிடமா என்பதுதான். தங்கச்சியைப் பிரிந்து அண்ணன் வளர்வதையும் நீதிமன்றம் கவனிக்கும். இந்த இரண்டையும் முதல் சந்திப்பிலேயே பிடித்துக்கொள்கிற வக்கீல்தான் உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று, விவாகரத்து கேட்டால்தான் பிள்ளையைக் கேட்கலாம் என்றும் நினைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை. வாழ்க்கையைப் பற்றி நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றாலும் மேலே சொன்ன 1890 காப்பாளர் சட்டத்தில் தனியாக மனுப் போடலாம், இடைக்கால உத்தரவும் கேட்கலாம். அடித்தது உண்மை என்பதால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் வழி இருக்கிறது. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனுப் போடலாம், 21ஆம் பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி கேட்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் தாமதமாகும், அதையும் எதிர்பார்த்தே போங்கள். விவாகரத்துத்தான் என்று முடிவானால், இந்து திருமணச் சட்டத்தில் மனைவி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம், 26ஆம் பிரிவில் பிள்ளையைக் கேட்கலாம். அவர் கோயம்புத்தூரில் வழக்குப் போட்டால், அதை இங்கே மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

போலீஸும் பள்ளிக்கூட வாசலும்

அப்பாவும் இயற்கைக் காப்பாளர் என்பதால் போலீஸ் இதைக் கடத்தல் வழக்காக எடுக்காது. மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் ஒரு மனுக் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்குத் தேதியோடு ஒரு சான்று கிடைக்கும்.

பள்ளிக்கூட வாசலுக்குப் போய்க் கூட்டி வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. தயவுசெய்து போகாதீர்கள். மற்ற பிள்ளைகள் பார்க்க இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுக்கும் காட்சி அந்தச் சிறுவனின் மனதில் ஆயுளுக்கும் நிற்கும். இன்று சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். நாளை நீதிபதி முன்னால் அந்த வித்தியாசம் உங்களுக்கு உதவும்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போடலாம் என்று சிலர் சொல்லியிருக்கலாம். குழந்தை வழக்குகளில் அதற்கு இடமுண்டு என்று 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிள்ளையை வைத்திருப்பவருக்கு அதற்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால்தான் அது எடுபடும். சாட்சி விசாரித்து முடிவெடுக்க வேண்டிய வழக்கு என்று தோன்றினால் கீழ் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வழக்கில் அப்பாவின் சம்மதத்தோடு பையன் அங்கே இருக்கிறான். அதனால் இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

வக்கீலைத் தேடும்போது

ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் என்பது கூடவே கூடாது. எதிரெதிர்த் தரப்புகளுக்கு ஒருவரே வாதாடுவதை வழக்கறிஞர் நெறிமுறை தடுக்கிறது. பரஸ்பர சம்மத மனுவாகவே இருந்தாலும், மகனைப் பற்றிச் சண்டை இருக்கும்போது உங்களுக்கென்று தனி ஆள் வேண்டும்.

2 லட்சத்துக்கு "நிச்சயம்" என்று சொன்னவரிடம் மறுபடி பேசவே வேண்டாம். எந்த நேர்மையான வக்கீலும் தீர்ப்புக்கு உத்தரவாதம் தர மாட்டார். ஜெயித்தால் இவ்வளவு என்று கட்டணம் பேசுவதும் பார் கவுன்சில் விதிக்கு எதிரானது. அவர் மச்சினர் பெயரைச் சேர்க்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மச்சினர் உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சேர்க்காதீர்கள். கணவர் அடித்தது உண்மை, அதைத் தயங்காமல் சொல்லுங்கள், பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் சொல்லுங்கள். அதோடு ஒரு பொய்யைச் சேர்த்தால் அந்த உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

மதுரை வக்கீல் விஷயம். உங்கள் வழக்கு முதலில் நடக்கப்போவது இந்த மாவட்டத்தில். வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்பவர், இங்குள்ள நடைமுறை தெரிந்தவர் தேவை. மதுரையில் பெயர் பெற்றவரை வைத்தால், இங்கே வந்து நிற்பது பெரும்பாலும் அவருடைய ஜூனியராக இருக்கும். வழக்கு மாற்றம், மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றம் போகும் கட்டம் வரும்போது அங்கே ஒருவரைப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ குடும்ப வழக்கு தொடர்ந்து நடத்துகிறவர்களில் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது விதி. அதனால் இணையத்தில் "நம்பர் ஒன்" என்று வருவதை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். வழக்கு நடத்திய பெண்களிடம் கேளுங்கள். ஜெயித்தாரா என்று கேட்பதைவிட, வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தாரா, போன் எடுத்தாரா, என்ன நடக்கிறது என்று புரியும்படி சொன்னாரா என்று கேளுங்கள்.

முதல் சந்திப்பில் அவர் கேட்கும் கேள்விகளே அவரைக் காட்டிக்கொடுக்கும். பையன் எந்த வகுப்பு, எப்போதிலிருந்து அங்கே இருக்கிறான், போனில் பேச விடுகிறார்களா, உங்கள் வீட்டில் பகலில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரிக்கிறவர் இருப்பார். மாமனார் வீட்டில் எத்தனை ஏக்கர் என்று தொடங்குகிறவரும் இருப்பார். முதலாமவரிடம் கொடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று. என் ஊர் எந்தக் கோர்ட் எல்லையில் வருகிறது, எந்தச் சட்டத்தில் மனுப் போடப் போகிறீர்கள், ஏன்? இடைக்கால மனுவையும் கூடவே போடுவீர்களா, எத்தனை நாளில்? எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு ஃபீஸ், எழுதித் தருவீர்களா? இதற்கு எரிச்சல்படுகிறவர் வேண்டாம்.

வக்காலத்தை, அதாவது உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளை, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் எதற்கும் போடாதீர்கள். மூலப் பத்திரங்களைக் கொடுக்காமல் நகல் கொடுங்கள். வழக்கு நம்பர் ஆனதும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்களே பார்க்கலாம். வக்கீல் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது.

பணம் இல்லையென்றால்

பணம் இல்லாததால் வக்கீல் இல்லை என்ற நிலை உங்களுக்கு வராது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவில், பெண் என்றாலே இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. வருமானச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. திருநெல்வேலி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ நோட்டீஸையும் ஆதாரையும் கொண்டுபோய் மனு எழுதிக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இலவச வக்கீல் அக்கறை எடுக்க மாட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. அக்கறையுள்ளவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், மேலே சொன்ன மூன்று கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் காரணம் சொல்லி வேறொருவரைக் கேட்கலாம். சொந்தமாக வக்கீல் வைத்தாலும், இந்து திருமணச் சட்ட வழக்கு என்றால் வழக்குச் செலவைக் கணவரிடமே 24ஆம் பிரிவில் கேட்க வழியிருக்கிறது. ஜீவனாம்ச மனுவில் இரண்டு பேரும் சொத்து, வருமான விவரத்தைச் சத்தியப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020இலிருந்து கட்டாயம். அதனால் 45,000 சம்பளத்தை அவர் மறைப்பது லேசல்ல.

கோர்ட்டில் உங்கள் பங்கு

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராவதே நீதிமன்ற அனுமதியோடுதான். அனுமதி கேட்டு மனுப் போடுவார்கள், அது வழக்கம். ஆனால் நீதிபதியும் ஆலோசகரும் உங்களிடம் நேராகப் பேசுவார்கள். வீட்டில் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பீடி சுற்றும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதை நீங்களே உங்கள் பேச்சில் சொல்லிப் பழகுங்கள்.

மகன் போனில், "நான் இங்கேயே இருக்கேம்மா" என்று சொன்னதை எழுதி, அவன் உங்களை வெறுத்துவிட்டானோ என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்திருக்கும்போது 9 வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி அவனைத் தனியறையில் கூப்பிட்டுப் பேசுவார். அவன் விருப்பத்தையும் பார்ப்பார், அது மட்டுமே தீர்ப்பாகாது. சொல்லிக்கொடுத்துப் பேசினால் நீதிபதிகளுக்குப் புரியும். நீங்களும் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சாப்பிட்டாயா, என்ன பாடம் நடத்தினார்கள் என்று பேசுங்கள். அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். மகளிடம் அப்பா போனில் பேச வந்தால் தடுக்காதீர்கள். அப்பாவோடு உள்ள உறவை மதிக்கிற தாய் என்பது உங்கள் பக்கம் நிற்கும், மகளுக்கும் அது வேண்டும்.

இடைக்கால உத்தரவில் முழுமையாக ஒப்படைக்க நீதிமன்றம் தயங்கலாம். அதற்காக வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். வாரக் கடைசியில் உங்கள் வீட்டில் தங்குவது, தினம் ஒரு நேரம் வீடியோவில் பேசுவது, காலாண்டு விடுமுறையில் பாதி உங்களோடு என்று மாற்றாகக் கேட்கச் சொல்லி வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்திருக்கும் நாட்கள் அப்படித்தான் முதலில் கிடைக்கும்.

இந்த வாரமே எடுத்துவைக்க வேண்டியவை: நோட்டீஸும் அது வந்த உறையும், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இங்கே மகன் படித்ததற்கான பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, பாஸ் புத்தகம். பங்குனி உத்திரத்தன்று மாமியார் அனுப்பிய "ரெண்டு நாள்ல வந்துருவோம்" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான சான்று அதுதான். அதை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள், மின்னணுச் சான்றுக்கு வக்கீல் தனிச் சான்றிதழ் தயார் செய்ய வேண்டியிருக்கும்.

நோட்டீஸில் 15 நாள் கெடு என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதி தாண்டினால் தண்டனை எதுவும் இல்லை, ஆனாலும் அதற்குள் பதில் நோட்டீஸ் போவது நல்லது. மகனை யார், என்றைக்கு, என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள், எத்தனை தடவை திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டீர்கள் என்பது அதில் தேதியோடு இருக்கட்டும். திங்கட்கிழமை சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.